ரெஜினாள் பிடிச்ச நாடி

பொய் சொல்லுதா ரெஜினாள். பச்சப் பொய். காலைல, கால் தரையில படுறதுக்கு முன்னாடி, கட்டில்ல ஒக்காந்தபடியே என் மணிக்கட்டப் பிடிச்சா, கண்ண வாட்ச்சுல வச்சா, உதட்ட அசைச்சு அசைச்சு எண்ணுனா, எண்ணி முடிச்சுட்டு, "அம்பத்திரண்டு, ஜம்முனு இருக்குட்டி"ன்னா. ஒண்ணும் அறியாத பிள்ள மாதிரி மூஞ்சி. அவ எந்திக்கதுக்கு முந்தியே நான் முழிச்சாச்சு. அவ கொறட்டைய கேட்டுக்கிட்டே போர்வைக்குள்ள என் கழுத்துல ரெண்டு விரல வச்சு நானே எண்ணிப் பாத்தாச்சு. அறுபத்தெட்டு. தப்பா எண்ணிட்டனோன்னு திரும்ப எண்ணுனேன். அறுபத்தெட்டேதான். அம்பத்திரண்டுக்கும் அறுபத்தெட்டுக்கும் நடுவுல என்ன கை வழுக்குமா? கோச் தர்மர் சார் போட்ட சட்டம் இது. எங்க ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல யாரும் தன் நாடியத் தான் சொல்லக் கூடாது, ரூம்ல கூட இருக்கவதான் சொல்லணும், தன் கைய தானே பிடிச்சா தனக்கு வேண்டியதுதான் காதுல விழும்பாரு. அவரு எப்பவும் பாலத்துல மொபெட்ட நிறுத்திட்டு நிப்பாரு. ஹாஸ்டல்ல இருந்து உப்பளத்து ரோட்டுல நடந்து பாலத்துக்குப் போய்ச் சேந்ததும் என்னப் பாத்து, ரெஜினாளுக்கு எவ்வளவும்பாரு, அவளப் பாத்து, முப்பிடாதிக்கு எவ்வளவும்பாரு. அவ அம்பத்திரண்டும்பா. சரி, நல்லாருக்கு, இன்னைக்கு இன்னும் கொஞ்சம் தூரம் கூட்டுவோம்பாரு. இப்படியேதான் இந்த மாசம் பூரா ஓடியிருக்கு. வார சனிக்கிழம மாநிலக் கேம்ப்புக்கு ஆள் எடுக்காங்க. எங்க ஜில்லாவுல இருந்து வேகநடைப் போட்டிக்குப் பொம்பளப் பிள்ள ஒண்ணுதான். நானா அவளா. போன தடவ கேம்ப்புக்குப் போனவ இப்ப ரயில்வேல டிக்கெட் குடுக்கா. இப்பத் தெரியுதா எதுக்குக் கொறச்சுச் சொன்னான்னு? என் கையிலயும் அவ நாடி இருக்குல்லா. அவளுக்கு அம்பது. நான் எழுபதுன்னு சொல்லப் போறேன், கூடுச்சுன்னா சார் வீட்டுக்கு அனுப்பிருவாரு. பாலம் வரட்டும்.

நட. முட்டு மடங்கக் கூடாது, ஒரு கால் தரையில இருக்கும்போதுதான் அடுத்த கால் எந்திக்கணும், இடுப்பு திரும்பணும், தோள் திரும்பக் கூடாது. இதெல்லாம் நான் நினைச்சு நடந்த காலம் போயே போச்சுன்னு நினைச்சேன். இப்ப மறுபடியும் ஒவ்வொண்ணா நினைக்க வேண்டியிருக்கு, புதுசா வந்த பிள்ள மாதிரி. தொடையில ஈரச் சாக்கக் கட்டி விட்ட மாதிரி கெடக்கு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பாத்தி பாத்தியாத் தண்ணி நிக்கு, இன்னும் வெயில் ஏறல, ஏறுனா கண்ணத் தொறக்க முடியாது. அந்தா உப்புக் கும்பாரம், ஓலை போட்டு மூடி வச்சிருக்கானுவ. முன்னெல்லாம் அந்தக் கும்பாரம் வாரதே தெரியாது, சட்டுனு வந்து சட்டுனு பின்னால போயிரும். இப்ப நான் நடக்க நடக்க அது அங்கனயே நிக்கு. சார் கிட்ட கேட்டேன், ஏன் சார் எனக்கு நேரம் கொறைய மாட்டேங்குன்னு. "நீ தேங்கிட்டம்மா"ன்னாரு. தேக்கமாம். உடம்பு ஒரு வேலைக்குப் பழகிருச்சுன்னா சொகம் கண்டுகிட்டு அங்கனயே சம்மணம் போட்டு ஒக்காந்துக்கிடுமாம், மேல வேலையப் போட்டு அத எழுப்பணுமாம். களைப்பா இருந்தா நாடி கூடிக் காட்டிக் குடுத்துருமாம், ஒனக்குத்தான் நாடி நல்லா இருக்கே, அப்ப இது களைப்பு இல்ல, தேக்கம்தான்னாரு. கூட்டுனாரு. நானும் நடந்தேன். நேரம் கொறையல, கூடிச்சு. இன்னும் கூட்டுனாரு. களைப்புக்கும் தேக்கத்துக்கும் வித்தியாசம் என்னன்னு நாங்க வந்த புதுசுல ஒரு நாள் பாலத்துச் சுவர்ல எங்கள வரிசையா ஒக்கார வச்சுச் சொன்னாரு. தேங்குனவளுக்குக் கால் மட்டும்தான் நிக்கும், மத்தபடி அவ அவளாத்தான் இருப்பா. களைச்சவ ஆளே மாறிப் போவா. எப்படிக் கண்டுபிடிக்கன்னா, ஒண்ணு, படுத்தா தூக்கம் வராது. ரெண்டு, சோறு கசக்கும். மூணாவது என்னமோ சொன்னாரு. என்னது அது? காய்ச்சலா? இல்ல. மாசாமாசம் வாரது தள்ளிப் போகும்னாரா? அத அவரு வாயால எங்க சொல்லப் போறாரு. மூணாவதுக்கு எல்லாரும் சிரிச்சோம், அது நினைவு இருக்கு. சிரிச்சது நினைவு இருக்கு, சொன்னது நினைவில்ல. சவம், மண்டையும் தேங்கிருச்சு போல.

தூக்கம் வருதான்னா, வரல. சோறு கசக்குதான்னா, கசக்கத்தான் செய்யுது, ஆனா அதுக்குக் காரணம் சமையல் கனகம் அக்கா. பால்ல தண்ணி ஊத்துதா. முட்டைய எண்ணி வைக்கா, எனக்கு வைக்குற முட்டை மட்டும் பொடிசா இருக்கு. நேத்து கேட்டேன், "எக்கா, அவளுக்குப் பெருசு, எனக்கு மட்டும் புறா முட்டையா"ன்னு. அவ கரண்டியத் தட்டுல போட்டுட்டு, "ஏ பிள்ள, முட்டைய நானா இடுதேன்?"னா. எல்லாவளும் கெக்கெக்கேன்னு சிரிச்சாளுவ. சிரிங்க. என் வாட்ச்சும் சரியில்ல, அது ஓட்டமா ஓடுதுன்னு எனக்குச் சந்தேகம். கிலோமீட்டர் கல்லுல ஒண்ண ரோடு போடுதவன் தள்ளி நட்டுட்டான்னு போன வாரம் சார் கிட்டயே சொன்னேன், அவரு ஒரு மாதிரியாப் பாத்தாரு. அந்தப் பார்வையும் சரியில்ல. எங்கம்மைய எடுத்துக்க. ஃபோன் போட்டா முன்னெல்லாம் எடுத்த எடுப்புலயே, எப்பம்ளா வருவ, ஒன் வயசுல எனக்கு ரெண்டு பிள்ளன்னு ஆரம்பிப்பா. இப்ப ஒரு மாசமா தேனாப் பேசுதா. நல்லாச் சாப்பிடு தாயி, மெதுவா வா தாயி, ஒண்ணும் அவசரமில்ல. எங்கம்மை வாயில தாயின்னு வந்தா அங்க எதோ ஏற்பாடு நடக்குன்னு அர்த்தம். கோவில்பட்டியில எங்க மாமா மவன் செல்ஃபோன் கடை வச்சிருக்கான், புதுசா மாடி எடுக்கானாம், பேச்சுவாக்குல சொன்னா. பேச்சுவாக்குல சொல்லுதவளா அவ? இங்கன ரெஸ்ட்டுன்னு ஒரு வார்த்தை சார் வாயில வந்துட்டா, பெட்டியக் கட்டி ஊருக்கு அனுப்பிருவாரு, போய் நல்லாத் தூங்கி எந்திச்சு வான்னு. எங்க கூட நடந்த சுடலிய அப்படித்தான் அனுப்புனாரு. அவளுக்கு நாடி கூடிருச்சு, ரெண்டு வாரம் வீட்டுல கெடந்துட்டு வான்னாரு. ரெண்டு வாரத்துல பத்திரிகை வந்துச்சு, மஞ்சள் தடவி. அவ எங்கள விடவும் நல்லா நடப்பா. இப்ப வயித்துல ஏழு மாசம், குடத்தத் தூக்கிக்கிட்டு நடக்கா. அதனால ரெஸ்ட்டுன்னா எனக்கு ரெஸ்ட்டு இல்ல, மாடி வீடு. சனிக்கிழம வரைக்கும் நான் விழக் கூடாது. விழுந்தா எந்திச்சு வர வழி கெடையாது.

இந்தா வாரா ரெஜினாள், பக்கத்துலயே, அரை எட்டு பின்னால, மூச்சு சீரா விட்டுக்கிட்டு. முன்னால போகணும்னா போயிரலாம், போக மாட்டேங்கா. ஏன் போக மாட்டேங்கா? என்ன வேவு பாக்கா. என் கால் எப்பம் தடுமாறும்னு பாக்கா. நேத்து என் பாட்டில்ல குளுக்கோஸ் கலக்கி வச்சா, நான் கேக்கவே இல்ல. முந்தாநாள் என் துணியையும் சேத்துத் தொவச்சா. போன வாரம் நான் தூக்கம் வராமப் பெரண்டுக்கிட்டு கெடக்கயில எந்திச்சு வந்து காலப் பிடிச்சு விட்டா, வேண்டாம்ட்டின்னு சொல்லச் சொல்ல. செத்தவளுக்குச் செய்யுத மாதிரி செஞ்சிருக்கா, இப்பல்லா புரியுது! ஒருத்தியக் குழியில தள்ளுதவளுக்கு அவ கால் மேல பாசம் வாரது சகஜம்தான் போல. ஆனா வந்த புதுசுல எனக்கு ஷூ இல்லாம இவ பழைய ஷூவுக்குள்ள துணியத் திணிச்சுக் குடுத்தாளே. அப்ப என்ன கேம்ப்பு, என்ன சனிக்கிழம? அப்ப இவளுக்கு என் பேர் கூட சரியா வராது, முப்புடாரிம்பா. எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஜெபத்துக்கு எழுதிக் குடுத்துட்டு வந்து, ஒங்க சாமி கோவிச்சுக்கிடுமாட்டின்னு பயந்து பயந்து கேட்டாளே. அது நெசம். அது நெசம்னா இது எப்படிப் பொய்யாகும்? ஆவும். ஏன் ஆவாது. அன்னைக்கு நான் இவளுக்குப் பின்னால நடந்தேன், இன்னைக்குச் சேந்து நடக்கேன். மனுசங்க அவ்வளவுதான். பஸ்ஸு வருது, பாலத்துப் பக்கமிருந்து. சன்னல்ல ரெண்டு பயலுவ தலைய நீட்டி, இடுப்பப் பாருலேன்னு ஊளை விடுதானுவ. பாத்தியில உப்பு வாருத பொம்பளைங்க பலகைய ஊனிக்கிட்டு நிமுந்து பாக்காங்க. அதுல ஒரு அக்கா எப்பவும் சிரிச்சுக் கை காட்டும். இன்னைக்குக் கை காட்டல. வாயப் பொத்திக்கிட்டு பக்கத்துல உள்ளவ காதுல என்னமோ சொல்லுது. என்ன சொல்லுது? கறுத்துப் போனான்னா? கால் இழுக்குன்னா? அட, உப்பு வாருதவளுக்குக் கூடத் தெரிஞ்சு போச்சா?

பாலம் தெரியுது. சார் மொபெட்டு செவப்பா ஒரு பொட்டு மாதிரி. இன்னும் நாலு கரண்ட் கம்பம். சொல்லிருவேன், எழுபதுன்னு சொல்லிருவேன். இவளுக்கு அம்பது, இன்னைக்கு நான் எண்ணும்போது எவ்வளவு பதனமா அடிச்சுது தெரியுமா, சுவர்க் கடிகாரம் மாதிரி. அத எழுபதுன்னு சொல்லணும்னா வாய் கூசுது. கூசுனா என்ன, அவளுக்குக் கூசுச்சா? கேட்டுட்டே சொல்லுவோம். கேட்டுட்டுச் சொன்னா பாவம் கொறையும். "ஏட்டி ரெஜினா"ன்னேன். மூச்சு வாங்குது எனக்கு. "காலைல நானே எண்ணுனேன். அறுபத்தெட்டு. நீ ஏன் அம்பத்திரண்டுன்ன?" அவ அரை எட்டு முன்னால வந்தா, என் பக்கம் திரும்பல. "நடட்டி, சார் பாத்துக்கிட்டு நிக்காரு"ன்னா. "சொல்லு. ஒரு மாசமா கொறச்சுத்தான சொல்லுத?" "ஆமா." ஆமாங்கா! கொஞ்சங்கூட வெக்கமில்லாம ஆமாங்கா. "என்னக் கொல்லணும்னுதான? சாரு கூட்டணும், நான் விழணும், நீ போணும், அதான?" அப்பத்தான் திரும்புனா. கண்ணு ரெண்டும் நெறஞ்சு நிக்கு, ஆனா நடை மாறல, முட்டு மடங்கல, நடையில அவ கெட்டிக்காரி. "கோட்டிக்காரி. சுடலி போன அன்னைக்கு என் கட்டில்ல வந்து கெடந்து அழுதுட்டு, எனக்குக் கூடுச்சுன்னா சொல்லிராதட்டி, என் உசுரு ஒன் கையில இருக்குன்னு யாருட்டி சத்தியம் வாங்குனது? பைபிள் மேல கை வைக்கச் சொன்னது யாருட்டி? எங்கப்பனா?" நான் வாங்குனேனா? சுடலி பெட்டிய ஆட்டோவுல ஏத்துனது நினைவிருக்கு, நீலப் பெட்டி. மழை தூறுச்சு. அப்புறம் கட்டில்ல, ஆமா, இவ மாத்திரை டப்பாவுக்குக் கீழ இருந்த சின்னப் பைபிள நான்தான் எடுத்து, நான்தான் இவ கையப் பிடிச்சு வச்சு. ஐயோ. "நித்தம் பொய் சொல்லுதேன், ஞாயித்துக்கிழம சர்ச்சுல அந்தப் பாவத்தோட நற்கருணை எடுக்க முடியாமத் திரும்பி வாரேன், தெரியுமா ஒனக்கு? நீ ஒரு மாசமா கனகம் அக்காவத் திட்டுத, கல்லத் திட்டுத, என்ன முழுங்கப் பாக்க. சார் சொன்ன மூணாவது ஒனக்கு மறந்தே போச்சா?" "என்னது மூணாவது?" "கூட இருக்கவளக் கண்டா ஆகாது, தொட்டதுக்கெல்லாம் சந்தேகம் வரும்னாரு. அப்பம் நீதான சொன்ன, அப்படின்னா எங்கம்மைக்கு அம்பது வருசமாக் களைப்புன்னு. எல்லாரும் சிரிச்சோம்லா?"

சிரிச்சோம். நான்தான் சிரிக்க வச்சிருக்கேன். கடைசிக் கரண்ட் கம்பம் வந்து, போயிருச்சு. அப்ப இவ நல்லவளா? சத்தியத்துக்காகத்தான் சொன்னாளா, இல்ல சத்தியம் ஒரு சாக்கா? எனக்கு நெஞ்சு அடிக்குற அடி காதுல கேக்கு. பாலத்துல ஏறுனதும் சார் விசில வாயில இருந்து எடுத்தாரு, துண்டால மூஞ்சியத் தொடச்சாரு, என்னப் பாத்து, "ரெஜினாளுக்கு எவ்வளவு?"ன்னாரு. எழுபது. நாக்கு நுனியில நிக்கு. இத ஒண்ணச் சொன்னா போதும், இவ பெட்டிய இவ கட்டுவா, சனிக்கிழம என்னுது. குனிஞ்சு என் காலப் பாத்தேன். அந்தப் பழைய ஷூவுக்குள்ள இவ திணிச்ச துணி பூப்போட்ட துணி. "அம்பது சார்"னேன். "நல்லாருக்கு. முப்பிடாதிக்கு?" ரெஜினாள் என்னப் பாத்தா. அவ அம்பத்திரண்டும்பா, நான் சும்மா இருந்தாப் போதும், சனிக்கிழம வரைக்கும் எப்படியாவது தாட்டிரலாம், தாட்டிரலாமா, கும்பாரம் கூட நகர மாட்டேங்கே. "நெசத்தச் சொல்லுட்டி"ன்னு நான்தான் சொன்னேன். என் கொரல் எனக்கே வேற யாரோ பேசுத மாதிரி இருந்துச்சு. "அறுபத்தெட்டு சார்"னா. சார் துண்ட மடிச்சாரு. "நேத்து? அதுக்கு முந்தி?" அவ அழுதா, நின்னுக்கிட்டே, மூக்க உறிஞ்சிக்கிட்டு. "நாந்தான் சார் சொல்லச் சொன்னேன், வீட்டுக்கு அனுப்பிருவீங்கன்னு"ன்னேன் நான். ஏசுவாருன்னு நினைச்சேன். அவரு பாலத்துச் சுவர்ல போய் ஒக்காந்துட்டாரு, பொத்துனு. "தேக்கம்னு நினைச்சுல்லா கூட்டிக்கிட்டே போனேன். ஏ பிள்ளையளா, இவளக் கொல்லுததுக்கு என் கையில அரிவாளக் குடுத்துட்டு நீங்க பாத்துக்கிட்டா இருந்திய?" அவருக்குக் கண்ணு செவந்திருச்சு. அப்புறம் எந்திச்சு மொபெட்ட ஸ்டாண்டுல இருந்து எறக்கி, "ஏறு"ன்னாரு. "சனிக்கிழம சார்?" "ரெஜினாள் போவா." "அப்ப எனக்கு வீடா சார்?" அவரு சாவியத் திருக்குனாரு. "மொதல்ல தூங்கு. ஒங்கம்மைக்கு நான் ஃபோன் போட்டுப் பேசுதேன்"னாரு. பேசி? பேசி என்ன சொல்லுவாரு? அனுப்புங்கன்னு சொல்லுவாரா, அனுப்பாதீங்கன்னு சொல்லுவாரா?

ஏறி ஒக்காந்தேன். ஒக்காந்ததும் ரெண்டு காலும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி தொங்குச்சு. ரெஜினாள் தன் தொப்பியக் கழத்தி என் தலையில வச்சு அமுக்குனா, வெயில் ஏறுதுட்டின்னா. அவளுக்கு இன்னும் திரும்பி நடக்கணும், ரோடு பூரா வெயில். தொப்பி இல்லாம எப்படி நடப்பா? அப்புறம் என் கையப் பிடிச்சா. மணிக்கட்டுலதான் பிடிச்சா, ஆனா வாட்ச்சப் பாக்கல, உதடும் அசையல. சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னா, வண்டி கெளம்புத வரைக்கும். வண்டி உறுமிச்சு, விட்டுட்டா. திரும்பிப் பாத்தேன், மூக்கத் தொடச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சாச்சு. என்ன நடை! முட்டு மடங்குதா பாருங்க. கொஞ்ச நேரம் முந்தி வரைக்கும் இப்படி நடக்கவே இல்லையே, எனக்காகவா அடக்கிக்கிட்டு வந்தா? அரை எட்டு பின்னால வந்தது வேவு பாக்கவா, விழுந்தாப் பிடிக்கவா? இன்னைக்கு நெசத்தச் சொன்னது நான் சொல்லச் சொன்னதுனாலயா, இல்ல சனிக்கிழம அவளுக்குன்னு தெரிஞ்சுதானா? அந்த உப்பு வாருத அக்கா இப்பம் கை காட்டுது, நல்லா தலைக்கு மேல தூக்கிக் காட்டுது. ஏன் காட்டுது? கண்ணு சொருகுது. தொப்பியில அவ தலை எண்ணெ வாசம் அடிக்கு. சவத்த, எல்லாத்தையும் தூங்கி எந்திச்சுட்டு நினைப்போம்.